‘நான் கத்தியிருந்தா…’ – திருடனைப் பார்த்த எட்டு வயது மகளின் பயம்

இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருப்பவர் இரண்டு குழந்தைகளின் தாய். மூத்தவளுக்கு 8 வயது, இளையவனுக்கு 3. பெயர், ஊர் என்று அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன், நள்ளிரவு தாண்டி இவர்கள் வீட்டுக்குள் திருடன் புகுந்திருக்கிறான். பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பித் திறந்திருக்கிறான். பெற்றோர் அடுத்த அறையில் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். தன் அறையில் தனியாகப் படுத்திருந்த மகள் ஏதோ சத்தத்தில் கண் விழித்தபோது, ஒருவன் கைப்பேசி வெளிச்சத்தில் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தான். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, தூங்குவதுபோல அப்படியே கிடந்திருக்கிறாள். பாட்டியின் இரண்டு வளையல்கள், கொஞ்சம் பணம், ஒரு மடிக்கணினி போயின. காலையில் வீடே அல்லோலகல்லோலப்பட்ட பிறகுதான் ‘நான் பார்த்தேன்’ என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றிலிருந்து தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். பட்டப்பகலில்கூடக் குளியலறைக்குத் துணை வேண்டும். நான்கு வயதோடு நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் அடிக்கடி, இப்போது எப்போதாவது. பள்ளி நாட்களில் காலையில் வயிற்று வலி. வாரத்தில் இரண்டு நாள் இரவில் அலறி எழுகிறாள். தம்பியை வைத்து ஓயாமல் ‘திருடன் விளையாட்டு’ விளையாடுகிறாள். பேசாமல் விட்டால் தானாக மறந்துவிடுவாள் என்று பாட்டி சொல்கிறார். வேறு வீடு பார்க்கலாம் என்கிறார் கணவர். தூக்கத்துக்குச் சளி மருந்தில் ஒரு மூடி கொடுத்துப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பயம் ஆயுசுக்கும் இருக்குமா, அந்த விளையாட்டை நிறுத்த வேண்டுமா, வீடு மாறலாமா, மனநல மருத்துவரிடம் போனால் பெண்ணுக்குப் பிற்காலத்தில் கெட்ட பெயர் வருமா என்று கேட்டிருக்கிறார் தாய்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விகள் நான்கு. ஆனால் நான் மேலே போக முடியாமல் நின்ற இடம் வேறு. மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘இப்போதெல்லாம் சாப்பிடும்போது திடீரென்று, “நான் கத்தியிருந்தா பாட்டி வளையல் போயிருக்காதுல்ல?” என்கிறாள். அதெல்லாம் ஒண்ணுமில்லை, சாப்பிடு என்று சொல்லிவிடுவேன்.’

அதற்கு நாலு வரி முன்னால், விஷயம் தெரிந்து வந்த பெரியப்பா எல்லோர் எதிரிலும் ‘நீ ஏன் கத்தலை? ஒரு சத்தம் போட்டிருந்தா பிடிச்சிருக்கலாமே’ என்று கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. உங்கள் மகள் சேர்த்துப் பார்த்துவிட்டாள். திருடன் மேலுள்ள பயம் ஒரு பக்கம் இருக்க, தன்னால்தான் இந்த நஷ்டம் என்ற குற்ற உணர்ச்சியையும் இந்த ஆறு வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். பயத்துக்கு விளக்கைப் போட்டு வைக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். குற்ற உணர்ச்சிக்கு அதெல்லாம் போதாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவள் ஏன் கத்தவில்லை?

ஆபத்து வந்தால் ஓடுவோம் அல்லது எதிர்ப்போம் என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு: உறைந்துபோவது. மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. நாம் யோசித்து முடிப்பதற்குள் அது உடம்புக்கு உத்தரவு போட்டுவிடும். எதிராளி பெரியவன், ஓட வழியில்லை என்ற நிலையில் கைகால் விறைத்து, தொண்டை அடைத்துக்கொள்ளும். பல விலங்குகளும் இப்படித்தான் அசையாமல் கிடந்து தப்பிக்கின்றன. பெரியவர்களுக்கும் இது நடக்கும். பெரியப்பாவே அந்த அறையில் தனியாகப் படுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவரால் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று. அவள் கத்தியிருந்தால், பதறிய அந்த ஆள் என்ன செய்திருப்பான் என்று யாருக்கும் தெரியாது. எட்டு வயதுப் பெண் அந்த இருட்டில் செய்யக்கூடியதிலேயே பாதுகாப்பான காரியத்தைத்தான் அவள் உடம்பு செய்திருக்கிறது.

இதை அவளிடம் சொல்லுங்கள். ‘ஒண்ணுமில்லை, சாப்பிடு’ என்று இனிமேல் மூடாதீர்கள். அடுத்த தடவை அவள் கேட்கும்போது கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்: ‘ரொம்ப பயந்தா உடம்பு கல்லு மாதிரி ஆயிடும், குரலே வராது. அது உன் தப்பு இல்லை. அப்படி அசையாம இருந்ததாலதான் நீ பத்திரமா இருந்தே. வளையல் போனதுக்குக் காரணம் திருடன். நீ இல்லை.’ ஒரு தடவையில் தீராது. பத்துத் தடவை கேட்பாள். பத்துத் தடவையும் அதே பதிலைச் சலிக்காமல் சொல்லுங்கள். வளையலுக்குச் சொந்தக்காரரான பாட்டியும் அதையே சொன்னால், நீங்கள் சொல்வதைவிட அதிகம் எடுபடும்.

பெரியப்பாவை என்ன செய்வது? அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், ஆதங்கம். தனியாகக் கூப்பிட்டு விஷயத்தை விளக்குங்கள். முடிந்தால் அவரே அவளிடம், ‘அன்னைக்கு நான் தெரியாம அப்படிக் கேட்டுட்டேன்மா, நீ சரியாத்தான் செஞ்சே’ என்று சொல்லட்டும். பெரியவர்கள் குழந்தையிடம் தப்பை ஒத்துக்கொள்வது நம் வீடுகளில் அரிது. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம்.

ஒரே ஒரு தடவை கேட்க வேண்டிய கேள்வி

‘நல்லவேளை, அவன் அவளை ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும். உங்களைப் பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. ஆனாலும் இது அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதா, நீங்களாக முடிவுசெய்ததா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. அவன் அவளைப் பார்த்தானா, மிரட்டினானா, கிட்டே வந்தானா, தொட்டானா – இதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்கிற விதம் முக்கியம். ‘அவன் உன்னைத் தொட்டானா?’ என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்காதீர்கள். பெரியவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று குழந்தைகள் ஊகித்துப் பதில் சொல்வதுண்டு. திரும்பத் திரும்ப அப்படிக் கேட்டால் நடக்காதது நடந்ததுபோல நினைவில் பதிந்துவிடவும் கூடும். இருவரும் தனியாக, அமைதியாக இருக்கும் நேரத்தில், ‘அன்னைக்கு ராத்திரி நடந்ததுல அம்மாகிட்ட இன்னும் சொல்லாதது ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் அம்மா கோபப்பட மாட்டேன்’ என்று கேட்டு நிறுத்துங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஏதாவது சொன்னால் நம்புங்கள், பதறாமல் கேளுங்கள், சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். நீங்களே குறுக்கு விசாரணை செய்யாமல், குழந்தைகளிடம் பேசப் பயிற்சி பெற்றவரிடம் உடனே அழைத்துப் போங்கள்.

காவல் துறை விசாரணையில் அவளைக் கேட்கிறார்கள் என்றால், நீங்கள் உடன் இருக்க வேண்டும், ஒரே தடவையில் முடிக்க வேண்டும், முடிந்தவரை வீட்டிலேயே பேச வேண்டும் என்று கோரலாம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் குழந்தையைத் திரும்பத் திரும்ப அதே கதையைச் சொல்ல வைக்கக் கூடாது என்பது பொதுவாக எல்லா இடத்திலும் ஏற்கப்பட்ட நியாயம். கேட்கத் தயங்காதீர்கள்.

பேசாவிட்டால் மறந்துவிடுவாளா?

பாட்டியின் யோசனை பாசத்தில் வந்தது. ஆனால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்றால், குழந்தை அதை மறப்பதில்லை. பேசக் கூடாத விஷயம் என்று புரிந்துகொள்கிறாள். பிறகு இடைவெளிகளைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வாள். கற்பனைத் திருடன் நிஜத் திருடனைவிடப் பெரியவன்.

அதற்காக நீங்களே தினமும் உட்கார வைத்துக் கிளறவும் வேண்டாம். நடந்த கையோடு எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வைத்தால் மனம் லேசாகிவிடும் என்று ஒரு காலத்தில் நிபுணர்களே நம்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைக்கும் முறையால் பயன் கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. அவள் எடுத்தால் பேசுங்கள், விட்டால் விடுங்கள். படம் வரைய உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தத் திருடன் விளையாட்டும் இதில் சேர்ந்ததுதான். பெரியவர்கள் பேசித் தீர்ப்பதைக் குழந்தைகள் விளையாடித் தீர்க்கிறார்கள். நிறுத்தாதீர்கள், ஆனால் கவனியுங்கள். 1976இல் கலிஃபோர்னியாவில் சௌசில்லா என்ற ஊரில் ஒரு பள்ளிப் பேருந்தையே கடத்தி, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் மண்ணுக்கடியில் ஒரு வண்டிக்குள் அடைத்து வைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தக் குழந்தைகளைப் பிறகு பல மாதங்கள் கழித்தும், நான்கைந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் சந்தித்துப் பேசினார் லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர். அவர் கவனித்தவற்றில் ஒன்று, சில குழந்தைகளின் விளையாட்டு. சிரிப்பே இல்லாமல், முடிவே மாறாமல், அதே காட்சி திரும்பத் திரும்ப வரும். அவர் எழுதிய இன்னொன்று எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். நடப்பதற்கு முன்பே ஏதோ அறிகுறி தெரிந்தது, தாங்கள்தான் கவனிக்கத் தவறிவிட்டோம் என்று அந்தக் குழந்தைகளில் பலர் பின்னால் நம்பினார்கள். ‘அன்னைக்கு சாயங்காலமே எனக்கு ஏதோ மாதிரி இருந்துச்சு’ என்று உங்கள் மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். அமானுஷ்யம் எதுவும் இல்லை. முன்பே தெரிந்திருந்தால் தடுத்திருக்கலாமே என்று மனம் பின்னோக்கிப் போய்க் காரணம் தேடுகிறது.

உங்கள் மகள் பொம்மையைப் படுக்க வைத்து, துணியால் மூடி, தம்பியைத் திருடனாக நடக்க வைத்து, பொம்மை அசையாமல் கிடப்பதோடு ஆட்டம் முடிகிறது என்கிறீர்கள். ஒரு நாள் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். ‘பொம்மைக்கு இப்போ எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு? யார் வந்தாங்க?’ என்று கதையை ஒரு அடி நகர்த்துங்கள். அம்மா பொம்மை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வரட்டும். மூன்று வயதுத் தம்பியைத் தினமும் திருடனாக்க வேண்டாம். அவனுக்குப் பயம் ஒட்டிக்கொள்ளும். அந்த வேடத்துக்கு ஒரு தலையணையே போதும். வாரக்கணக்கில் ஆட்டம் கொஞ்சமும் மாறாமல், விளையாடி முடித்ததும் அவள் இன்னும் பதற்றமாகிறாள் என்றால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பூட்டை ஐந்து தடவை இழுத்துப் பார்க்கும் அப்பா

இந்தப் பகுதியை உங்கள் கணவரும் படிக்கட்டும். இரவு படுக்கும் முன் ஐந்து தடவை எல்லாக் கதவையும் ஆட்டிப் பார்ப்பதாகவும், இரண்டு மணிக்கு எழுந்து ஒரு சுற்று வருவதாகவும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் தப்பே இல்லை. தன் வீட்டில், தன் குழந்தையின் அறைக்குள் ஒருவன் வந்து போயிருக்கிறான். தான் தூங்கிக்கொண்டிருந்தோம் என்ற உறுத்தல் அவருக்கு. ஆனால் மகள் படுத்துக்கொண்டே தாழ்ப்பாள் சத்தத்தை எண்ணுகிறாள். அப்பாவே ஐந்து தடவை பார்க்கிறார் என்றால் ஆபத்து இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்த நாட்களில், குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த ஆனா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயின் முகமும், தாயைப் பிரிந்திருப்பதும்தான் சிறு குழந்தைகளை அதிகம் பாதித்தன என்பது அவர்கள் கண்டது. நீங்கள் பயமே இல்லாததுபோல நடிக்கத் தேவையில்லை, குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘அப்பாவுக்கும் அன்னைக்கு பயமா இருந்துச்சு. அதனால என்னென்ன செஞ்சிருக்கோம் பாரு’ என்று செய்ததைக் காட்டுங்கள்.

பழைய தாழ்ப்பாளை மாற்றி, உள்பக்கம் நல்ல பூட்டுப் போட்டுவிட்டீர்கள் அல்லவா? புதுப் பூட்டை அவள் கையாலேயே ஒரு தடவை பூட்டித் திறந்து பார்க்கட்டும். இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரே ஒரு சுற்று. ‘பின்கதவு பூட்டியாச்சு, முன்கதவு பூட்டியாச்சு, ஜன்னல் போட்டாச்சு’ என்று அவள் சொல்லட்டும். அத்தோடு சரி, மறு சுற்று கிடையாது. இரண்டு மணிச் சுற்றைக் கைவிடவே முடியவில்லை என்றால், தனக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

‘திருடன் இனிமே வரவே மாட்டான்’ என்ற சத்தியத்தையும் விட்டுவிடுங்கள். வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ‘இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. இப்போ கதவு பலமா இருக்கு. ஏதாவது சத்தம் கேட்டா நீ எங்களைக் கூப்பிடலாம், சும்மா பூனையா இருந்தாலும் பரவாயில்லை, நாங்க திட்ட மாட்டோம்’ என்பது உண்மை. குரல் வராமல் போனதுதான் அவளுடைய பெரிய பயம் என்பதால், கட்டிலருகே அழுத்தினால் ஒலிக்கும் ஒரு மணியோ விசிலோ கொடுத்து வைக்கலாம். சும்மா கூப்பிட்டுப் பார்ப்பாள். முதல் வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனிப் படுக்கைக்குத் திரும்புவது

‘எட்டு வயசாச்சு, இன்னும் என்ன?’ என்று ஒரே நாளில் தனி அறையில் தள்ளிக் கதவைச் சாத்துவது வேண்டாம். வேண்டிய மட்டும் எங்களோடு படுக்கட்டும் என்று காலவரையின்றி விடுவதும் வேண்டாம். முதலாவது பயத்தை உறுதிப்படுத்தும். இரண்டாவது, ‘தனியாகப் படுப்பது உண்மையிலேயே ஆபத்துதான்’ என்று சொல்லாமல் சொல்லும். எதைத் தவிர்க்கிறோமோ அதன் மேலுள்ள பயம் வளரும்.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைப்பார்கள். நாள் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். நூறு வருஷம் ஆகியும் சிறுவர் பயத்துக்கான சிகிச்சையின் அடிப்படை அதுதான்: சின்னப் படிகள், பக்கத்தில் நம்பிக்கையான ஆள், அவசரம் இல்லை.

உங்கள் வீட்டுக்கு அது எப்படி இருக்கும்? இப்போது உங்கள் நடுவில் படுக்கிறாள். முதல் படி, அதே அறையில், உங்கள் கட்டிலை ஒட்டித் தனி மெத்தை. சில நாள் கழித்து மெத்தை கதவுப் பக்கமாக நகரட்டும். பிறகு அவள் அறையிலேயே; அவள் தூங்கும்வரை நீங்கள் கட்டிலருகே நாற்காலியில். அந்த நாற்காலி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வாசலை நோக்கி நகரும். கடைசியில், ‘அஞ்சு நிமிஷத்தில் வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்கு வந்து எட்டிப் பாருங்கள். சொன்ன நேரம் முக்கியம். ஒரு நாள் மறந்தால் நம்பிக்கை போய்விடும்.

திருடன் நின்ற அந்த அலமாரியை மட்டும் முதலில் பகலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவளும் நீங்களுமாக அதைத் திறந்து, துணியை எல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, அவள் சொல்கிறபடி மறுபடி அடுக்குங்கள். அலமாரியை வேறு சுவருக்கு நகர்த்த வேண்டும் என்றால் நகர்த்தலாம். அறை மறுபடி அவளுடையதாக வேண்டும்.

ஒவ்வொரு படியிலும், ‘பயம் எத்தனை?’ என்று கேளுங்கள். பத்து விரலில் காட்டட்டும். மூன்று, நான்கு என்றால் சரி, அந்தப் படியிலேயே இருந்து விரல் குறையும்வரை பொறுங்கள். எட்டு, ஒன்பது என்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி இறங்குங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, மெழுகுவத்தியை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல நீளமாக ஊதி விடப் பழக்குங்கள். ஆனால் பகலில், சிரிப்பும் விளையாட்டுமாகப் பழக்கியிருந்தால்தான் இரவில் உதவும். நடு ராத்திரி அலறலின்போது ‘மூச்சை இழு, மூச்சை விடு’ என்றால் யாருக்குக் கேட்கும்?

குளியலறைக்கும் இதே வழி. வாசலில் நீங்கள், பிறகு கூடத்தில் நின்று பேசிக்கொண்டே, பிறகு அடுப்படியிலிருந்து குரல் மட்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் மின்சாரம் போகும், ஒரு பாத்திரம் விழும், பழைய அழுகை மொத்தமாகத் திரும்பி வரும். பழைய பய நினைவு அழிவதில்லை; அதன் மேல் புதிதாக ஒன்றைத்தான் கற்கிறோம். அதனால் பயம் இடையிடையே எட்டிப் பார்க்கும். இரண்டு படி இறங்கி ஏறினால் இந்த முறை சீக்கிரம் ஏறிவிடுவாள்.

இரவு அலறல், நனைந்த படுக்கை, வயிற்று வலி

அலறுவது எப்போது என்று குறித்து வையுங்கள். தூங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் கத்தி, காலையில் எதுவும் ஞாபகம் இல்லை என்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். உலுக்கி எழுப்பாதீர்கள், அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் தானே அடங்கும். விடியும் பக்கமாக விழித்து, கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. தேற்றித் தூங்க வையுங்கள். மறுநாள் பகலில் அந்தக் கனவை வரையச் சொல்லி, முடிவை அவளுக்குப் பிடித்தமாதிரி மாற்றச் சொல்லுங்கள். எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் சரி. திருடன் தவளையாகிவிட்டான் என்றாலும் சரி.

படுக்கையை நனைத்தால் திட்டக் கூடாது, தம்பி எதிரில் பேசக் கூடாது. விரிப்பை மாற்றிவிட்டுப் படுங்கள். அவளுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ, அடங்காத தாகமோ இருந்தால் மட்டும் எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிடாமல் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். வயிற்று வலி நடிப்பு இல்லை, பயம் குடலில் வலியாகவே தெரியும். ஆனாலும் பள்ளியை விட வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் சுருக்கமாக, அவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள்.

சளி மருந்து யோசனைக்கு என் பதில்: வேண்டாம். தூங்க வைப்பதற்காகக் குழந்தைக்கு அதைக் கொடுப்பது தவறு; அளவு தப்பினால் ஆபத்து. பெரியவர்களின் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். அதிர்ச்சிக்குப் பிந்தைய பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைக் குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது.

வீடு மாறுவது

கதவு, ஜன்னலைப் பலப்படுத்தவே முடியாத வீடு, அக்கம்பக்கத்தில் தொடர்ந்து திருட்டு என்றால் தாராளமாக மாறுங்கள், அது நியாயமான முடிவு. பயத்துக்காக மட்டும் என்றால் நான் மூன்று நான்கு மாதம் தள்ளிப் போடச் சொல்வேன். இந்த நேரத்தில் பள்ளி, பக்கத்து வீட்டுத் தோழி, பழகிய தெரு இவையெல்லாம்தான் அவளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றையும் பிடுங்கிவிட்டு, புது வீட்டில், புது இருட்டில் படுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். ‘என்னாலதான் வீடே மாத்தினாங்க’ என்ற இன்னொரு சுமையும் சேரும்.

மருத்துவரிடம் போக வேண்டுமா?

போங்கள். இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு முதல் சில வாரம் பயமும் அழுகையும் இருப்பது இயல்பு. வீட்டு ஆதரவோடு பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆகவே ‘ஆயுசுக்கும் இருக்குமா?’ என்ற உங்கள் கேள்விக்கு, அதற்கான வாய்ப்பு குறைவு என்பதே பதில். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், பள்ளி, விளையாட்டு என்று அன்றாட வாழ்க்கை தடைபட்டால் ஒரு தடவை முறையாகப் பார்த்துவிட வேண்டும் என்பது மனநலத் துறையில் எங்கள் கணக்கு. உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. படுக்கை நனைத்தல் குறைந்திருப்பது நல்ல சகுனம். குற்ற உணர்ச்சி கூடிக்கொண்டிருப்பது அப்படி இல்லை. சாவைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாப்பாட்டையே விட்டுவிட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்த்து வேறெங்கோ போய்விட்டதுபோலானால் நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

கெட்ட பெயர் பற்றி: நீங்கள் அங்கே சொல்வது ரகசியமாகவே இருக்கும். யாராவது ஆபத்தில் இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு. குழந்தைகளோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ தேடுங்கள். ‘அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ தருவீர்களா, பெற்றோரையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று முதலிலேயே கேட்கலாம். வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். பயத்தைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்து, பிறகு நடந்ததை அவள் தாங்கக்கூடிய வேகத்தில் ஒரு கதையாகச் சொல்லவோ வரையவோ வைப்பார்கள். ‘என் தப்பு’ என்பது அந்தக் கதையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து எடுப்பார்கள். நீங்களும் கூட இருப்பீர்கள்.

அவளை அழைத்துப் போகும்போது ‘கடைக்குப் போறோம்’ என்று பொய் சொல்லாதீர்கள். ‘பயந்துபோன குழந்தைங்களுக்கு உதவி பண்ற ஒருத்தரைப் பார்க்கப் போறோம். அவர் பேசுவார், வரையச் சொல்வார், விளையாடுவார். நீ சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ஊசி போடுவாங்களா என்றுதான் முதலில் கேட்பாள். பேசுவதற்காகப் போகிற இடம் அது, ஊசி கிடையாது என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.